பாலும் பழமும் போதுமா?



குரங்கு என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றும் உருவம் ஒன்று உண்டு. கோயில் மதிலின்மேல் அமர்ந்து, தேங்காய் மூடிக்காகக் காத்திருக்கும் நாட்டுக் குரங்குதான் அது. தமிழர் குரங்கினத்தை நன்கு அறிந்தவர்கள். குரங்கு, முசு, ஊகம் என்னும் பெயர்களைத் தொல்காப்பியத்து மரபியலிலேயே காண்கிறோம். பெண்ணுக்கு மந்தி என்றும் ஆணுக்குக் கடுவன் என்றும் தனிப்பெயர் இட்டு வழங்கிய மொழி நம் மொழி. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட குரங்கிற்குத் தமிழில் பெயர் கிடையாது. பெயர் இருக்க நியாயமும் இல்லை. அது பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியிலுள்ள காடுகளில் பிறந்தது. மார்மொசெட் என்பது அதன் பெயர். உடல் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். வால் மட்டும் உடலைவிட நீளம். காதோரங்களில் வெண்பஞ்சு வைத்தாற்போன்ற மயிர்க்கற்றை இருக்கும். நன்கு வளர்ந்த ஒன்றின் எடை 300 முதல் 400 கிராம்தான். உள்ளங்கையில் ஏந்திவிடலாம். அதுவே அதற்கு வினையாகவும் முடிந்தது.

இதற்கு உறவினமான டாமரின் என்ற சிறு குரங்கும் தென் அமெரிக்காவைச் சேர்ந்ததே. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய பயணி ஒருவரின் மூட்டையைச் சுங்க அதிகாரிகள் சோதித்தபோது, வெள்ளுதடும் செம்மார்பும் உடைய டாமரின் ஒன்று அகப்பட்டது. கூடவே ஒரு வெண்ணிற முள்ளம்பன்றியும் இருந்தது. அமேசான் காட்டுக்குரிய பிராணி பாங்காக் வழியாக மீனம்பாக்கம் வந்து சேர்ந்த கதையை எண்ணிப் பாருங்கள். பிடிபட்டவை செய்தித்தாளில் இடம்பெறுகின்றன. பிடிபடாதவை யாருடைய வீட்டிலோ வளர்கின்றன. சில நாள் கழித்து என்னைப் போன்றவர்களின் மேசைக்கு வருகின்றன.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் நான் கால்நடை வைத்தியம் செய்து வருகிறேன். கறவை மாடும் வெள்ளாடுமே என்னிடம் வந்துகொண்டிருந்தது ஒரு காலம். வயல்கள் மனைகளாயின, மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்தன, மாட்டுக்குப் பதில் நாயும் பூனையும் கிளியும் வந்தன. இப்போது எப்போதாவது ஒரு மார்மொசெட்டும் வருகிறது. வளர்ப்பவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலோர் மிகுந்த அன்புடையவர்கள். அந்த அன்பு எந்தெந்த வழியில் அப்பிராணியைக் கொல்லுகிறது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

திருமுல்லைவாயிலிலிருந்து ஓர் அம்மையார் தம் மகனுடன் வந்தார். துணிப்பையைத் திறந்து, துண்டில் சுற்றிய குரங்கை என் மேசைமேல் வைத்தார். அது நிற்கவில்லை. முன்கைகள் இரண்டும் வில்போல் வளைந்திருந்தன. தாடையைத் தொட்டால், எலும்பு இருக்கவேண்டிய இடம் ரப்பர் போல் அமுங்கியது. தொட்ட இடமெல்லாம் வலி போலும்; மெல்லிய குரலில் கீச்சிட்டது.

"ஐயா, பாலும் பழமும் கொடுத்துப் பிள்ளையைப் போல வளர்த்தோம். வெயில் படாமல், காற்றுப் படாமல் வைத்திருந்தோம். இதற்கு என்ன குறை வைத்தோம்?" என்று கேட்டார்.

அவர் வாயாலேயே நோயின் காரணம் முழுவதையும் சொல்லிவிட்டார். பால், பழம், வெயில் படாமை ஆகிய இம்மூன்றும் சேர்ந்துதான் அந்த எலும்புகளைக் கரைத்தன.

எலும்பு சுண்ணாம்புச் சத்தால் ஆனது என்பது எல்லோரும் அறிந்தது. பாலில் சுண்ணாம்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் உண்ட சுண்ணாம்பு குடலிலிருந்து இரத்தத்திற்கு ஏறவேண்டுமானால் டி வைட்டமின் துணை வேண்டும். அந்த டி வைட்டமின் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலின்மேல் படுவதால் உடலிலேயே உண்டாவது. அக்கதிர் சாதாரணச் சன்னல் கண்ணாடியை ஊடுருவி வாராது. வெளிச்சம் வரும், வெப்பம் வரும், வரவேண்டியது மட்டும் வராது. கண்ணாடிக்குப் பின்னால் குரங்கைப் பகலெல்லாம் வெயில் காயவைத்து, அதற்குப் போதிய வெயில் கிடைத்துவிட்டதென்று நம்பியிருப்பவர் பலர். ஆண்டில் பெரும்பாலான நாள்களிலும் வெயிலுக்குப் பஞ்சமில்லாத சென்னையில் வெயில் இல்லாத நோயால் ஒரு பிராணி வாடுகிறது.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. 1889ஆம் ஆண்டளவில் இலண்டன் மிருகக்காட்சிசாலையில் சிங்கக் குட்டிகள் எலும்பு வளைந்து மடிந்துகொண்டிருந்தன. கொழுப்போ எலும்போ இல்லாத வெறும் இறைச்சியை மட்டும் அவற்றிற்குக் கொடுத்து வந்தார்கள். ஜான் பிளாண்ட் சட்டன் என்ற அறுவை மருத்துவர் நொறுக்கிய எலும்பையும் மீன் எண்ணெயையும் உணவில் சேர்க்கச் சொன்னார். சில மாதங்களில் குட்டிகள் தேறின. டி வைட்டமின் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை.

சிங்கத்தைக் காட்டிலும் மார்மொசெட்டுக்கு இத்தொல்லை மிகுதி. தென் அமெரிக்கக் குரங்குகளின் உடல் இயல்பாகவே டி வைட்டமினுக்கு எளிதில் இணங்குவதில்லை. நம் நாட்டுக் குரங்குக்குப் போதுமான அளவு இவற்றுக்குப் போதாது. தாவர வகையிலிருந்து கிடைக்கும் டி2 இவற்றுக்கு ஏறக்குறையப் பயனற்றது. டி3 என்னும் வகையே வேண்டும். இதைக் கேட்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடிச் சொட்டு மருந்து வாங்கிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் சுண்ணாம்பு சிறுநீரகத்தில் படிந்து அதுவும் உயிரைக் கொல்லும். 350 கிராம் எடையுள்ள உடலுக்குச் சொட்டுக் கணக்குப் பார்ப்பது, நிறுத்துப் பார்த்த வைத்தியரின் வேலை.

அந்த அம்மையாரின் குரங்கு பிழைத்தது. பல்கனியில் கம்பி வலை அடித்து, பாதி நிழலும் பாதி வெயிலுமாக அமைத்தார்கள். நிழல் கட்டாயம் வேண்டும். நம் சித்திரை வெயிலில் விலக இடமின்றி வைத்தால் அச்சிறு உடல் அரைமணியில் துவண்டுவிடும். உணவை மாற்றினோம், ஊசி போட்டோம். வலி தணிந்தது, கிளை ஏறிற்று. ஆனால் வளைந்த கை வளைந்ததுதான்.

இனி உணவுக்கு வருவோம். மார்மொசெட் காட்டில் என்ன தின்கிறது? பழம் என்று விடை சொல்ல வாய் துடிக்கும். பழமும் தின்கிறது, ஆயினும் அதன் வாயமைப்பு வேறொரு தொழிலுக்காக ஏற்பட்டது. கீழ்வாயின் முன்பற்கள் உளி போன்றவை. அவற்றால் மரப்பட்டையைக் கொத்தித் துளையிட்டு, அதிலிருந்து கசியும் பிசினை நக்கித் தின்னும். நேற்றுப் போட்ட துளையை இன்று வந்து பார்க்கும். புதிதாக ஊறியிருந்தால் தின்றுவிட்டு அடுத்த துளைக்குப் போகும். கள் இறக்குபவர் பனைக்குப் பனை ஏறி இறங்குவதைப் போன்ற ஒழுங்கான பிழைப்பு அது. பிசினை எளிதில் செரிக்க முடியாது. அதற்கென்றே இதன் குடலில் பெருகிய ஒரு பை உண்டு. அங்கே நுண்கிருமிகள் பிசினை நொதிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. பிசினில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. பூச்சிகளோ புரதம் தருவன, ஆனால் சுண்ணாம்பு குறைந்தவை. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்படி அமைந்த உணவு அது. பிசினை நீக்கிவிட்டால் கணக்கு கெட்டுவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் திருவேற்காடு என்ற ஊரை அறியாதார் இல்லை. வேதபுரீசுவரர் கோயிலின் தலமரம் வெள்வேல மரம்; வேலங்காடாக இருந்த இடம் வேற்காடு ஆயிற்று என்பர். அயல்நாட்டு மிருகக்காட்சிசாலைகள் மார்மொசெட்டுக்குக் கொடுப்பது இந்த வேல இனத்து மரங்களின் பிசினைத்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பிசின் தூளைத் தண்ணீரில் குழைத்து, கட்டையில் துளையிட்டு, அதில் தடவி வைக்கிறார்கள். குரங்கு தன் பல்லால் சுரண்டித் தின்னவேண்டும். கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால் வயிறு நிறையும், பல்லுக்கும் மனத்துக்கும் வேலை இராது. வேலங்காட்டின் பெயரைத் தாங்கிய ஊருக்கு நான்கு மைல் தொலைவில், வேலம்பிசின் இல்லாமல் ஒரு குரங்கு மாரி பிஸ்கத்தைத் தின்று இளைக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நம் கருவேலம் பிசினில் துவர்ப்பு உண்டு. கறுத்ததை விலக்கி, வெளிறிய தூய பிசினாகப் பொறுக்கி, சிறிது சிறிதாகப் பழக்கலாம்.

வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குரங்கையும் வாழைப்பழத்தையும் நாம் பிரிக்கவே மாட்டோம். 2014ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள பெயின்டன் மிருகக்காட்சிசாலை தன் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதை நிறுத்திவிட்டதாக அறிவித்தபோது உலகமெங்கும் பத்திரிகைகள் அதை வியப்புச் செய்தியாக வெளியிட்டன. வியக்க ஒன்றுமில்லை. மனிதன் பயிரிட்ட பழம் மனிதன் நாவுக்காக இனிப்பேற்றப்பட்டது. காட்டுப் பழத்தில் நார் மிகுதி, இனிப்புக் குறைவு. தோட்டப் பழத்தையே நாள்தோறும் தின்னும் குரங்கிற்குப் பல் சொத்தையாகிறது, உடல் பருக்கிறது, சர்க்கரை நோயும் வருகிறது. வாழைப்பழத்தில் சுண்ணாம்பைவிடப் பாஸ்பரம் பல மடங்கு மிகுதியாதலால் எலும்புக்கும் அது உதவாது. அவர்கள் பழத்தைக் குறைத்துக் கீரையும் காய்கறியும் கொடுத்தார்கள். நம் வீட்டிலும் அவரை, கேரட், பூசணி, வெள்ளரி, முருங்கைக் கீரை என்று எத்தனையோ உண்டு. வாழைப்பழம் மருந்தை மறைத்துக் கொடுப்பதற்கு நல்லது. ஒரு நகக்கண் அளவு போதும். பால், வளர்ந்த குரங்கிற்கு வயிற்றுப்போக்கைத் தருவதே பெரும்பான்மை.

அவித்த முட்டை சிறிது கொடுக்கலாம். வெட்டுக்கிளி, சிள்வண்டு போன்ற பூச்சிகளை வளர்ப்பவரிடமிருந்து வாங்குவதானால், இரண்டொரு நாள் அவற்றிற்குச் சுண்ணாம்புச் சத்துள்ள தீனி போட்டுப் பின் கொடுப்பது நலம். வீட்டுக் கரப்பானைப் பிடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கரப்பான் நேற்று எந்த மருந்தைத் தாண்டி வந்ததோ, யார் கண்டார்?

சி வைட்டமின் விஷயத்தில் குரங்கும் நாமும் ஒரே சாதி. நாய், பூனை, மாடு ஆகியவை அதைத் தம் உடலிலேயே செய்துகொள்கின்றன. நமக்கும் குரங்குகளுக்கும் அத்திறம் இல்லை. பழைய கப்பல் மாலுமிகளைப் போல ஈறு வீங்கி இரத்தம் கசிவதும், மூட்டு வீங்குவதும் சி வைட்டமின் இன்மையால் கூண்டுக் குரங்குக்கு வருவதுண்டு. கொய்யாவும் நெல்லியும் விளையும் நாட்டில் இந்நோய் வருவது வெட்கம். கடையில் விற்கும் உருண்டைத் தீனியை நம்புகிறவர்கள் அது செய்யப்பட்ட தேதியைப் பார்த்து வாங்கவேண்டும். வைட்டமின் சி மாதக்கணக்கில் தங்குவதில்லை. காலையில் பசி மிகுந்திருக்கும்போது சத்துணவை முதலில் வைத்து, இனிப்பைப் பின்னால் வைக்கவேண்டும். குழந்தைகளை வளர்த்த தாய்மார்களுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

உணவெல்லாம் சரியாக இருந்தும் சில மார்மொசெட்டுகள் இளைத்துக்கொண்டே போய்ச் சாகின்றன. வயிறு போகும், வால் மயிர் உதிரும், எடை குறையும். மேலை நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களையே திகைக்கவைத்த நோய் இது. ஒரே காரணம் என்று இதுவரை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. பஞ்சுபோன்ற வெண்முடியுடைய கொலம்பிய நாட்டு டாமரினின் கதை இன்னும் வியப்பானது. கூண்டில் அதற்குப் பெருங்குடல் அழற்சியும் புற்றுநோயும் மிகுதியாக வருகின்றன, காட்டில் அவ்வாறில்லை. கூண்டு என்பதே ஒரு நோய்க் காரணமோ என்று ஐயுற இடமிருக்கிறது. காட்டில் மார்மொசெட் தனியே வாழ்வதில்லை. குடும்பமாகக் கூடியிருக்கும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி. அவற்றை முதுகில் சுமப்பதில் தந்தைக்கும் தமையனுக்கும் பெரும்பங்கு. அப்படிப்பட்ட பிராணியைத் தனியே ஒரு கூண்டில் அடைத்தால், பிரிந்த குடும்பத்தை அழைக்கும் நீண்ட கூவலை நாளெல்லாம் கூவும். "அழகாகப் பாடுகிறது டாக்டர் ஐயா" என்று ஓர் அன்பர் அதைப் பதிவு செய்துகொண்டு வந்து எனக்குப் போட்டுக் காட்டினார்.

அடுத்துச் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 1932ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இளம்பிள்ளை வாத ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த வில்லியம் பிரெப்னர் என்ற மருத்துவரை ரீசஸ் குரங்கு ஒன்று கடித்தது. சில நாள்களில் அவர் இறந்தார். அவர் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே அந்த நச்சுயிரிக்கு பி வைரஸ் என்று பெயர் வந்தது. ஆசியக் குரங்குகளுக்கு அது வாயில் தோன்றும் சிறு கொப்புளம், மனிதனுக்கு மரணம். இதன் மறுதலையும் உண்டு. காய்ச்சலுக்குப் பின் நம் உதட்டோரத்தில் தோன்றும் நீர்க்கொப்புளத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. அதே கொப்புளத்தின் கிருமி மார்மொசெட்டுக்குப் போனால் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் ஒழுகி, வலிப்புக் கண்டு, சில நாள்களில் இறந்துவிடும். பிரேசிலில் வீட்டில் வளர்ந்த மார்மொசெட்டுகள் இவ்வாறு உரிமையாளரிடமிருந்து நோய் பெற்று மடிந்தது பதிவாகியிருக்கிறது. தட்டம்மையும் அப்படியே. தாம் கடித்த பழத்தின் மீதியை ஊட்டுவதும், வாயோடு வாய் வைத்து முத்தமிடுவதும், ஒரு தலையணையில் உறங்கவைப்பதும் அன்பின் அடையாளமாகத் தோன்றலாம். உதட்டில் கொப்புளம் உள்ளவர் அந்த அறைப் பக்கமே போகலாகாது. கொப்புளம் இல்லாதபோதும் கிருமி எச்சிலில் இருக்கக்கூடும் என்பதால் முத்தத்தை அறவே விடுவதுதான் வழி. வீட்டிலுள்ளவர்களுக்கும் எச்சரிக்கை: பிரேசிலின் செயரா மாநிலத்தில் மார்மொசெட் கடித்து வெறிநோயால் மனிதர் இறந்த செய்திகள் 1990களிலிருந்து உண்டு. எந்தக் குரங்கு கடித்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு உட்காரலாகாது.

சட்டத்தையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுக் குரங்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம், வித்தை காட்டப் பழக்குவதும் 1998ஆம் ஆண்டு அறிவிப்பால் தடுக்கப்பட்டது. அயல்நாட்டு மார்மொசெட்டைப் பொறுத்தவரை, 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விதிகளின்படி வைத்திருப்பவர் அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்யவேண்டும். குட்டி போட்டாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்கவேண்டும். வாங்கலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்லி வருகிறேன். விற்பவர் காட்டும் காகிதம் எவ்வளவு மினுமினுப்பாக இருந்தாலும், அக்குட்டி எந்தத் தாயின் முதுகிலிருந்து பிய்க்கப்பட்டது என்பது அதில் எழுதியிராது. ஏற்கெனவே வைத்திருப்பவர் பயந்துபோய் அதை ஆவடிப் பக்கத்துத் தோப்பில் விட்டுவிடுவதும் தகாது. நம் மரங்களில் அது பிழைக்காது. பிழைத்தால் இன்னும் தொல்லை: ரியோ நகரத்தைச் சுற்றி இப்படி அவிழ்த்துவிடப்பட்ட மார்மொசெட்டுகள் பெருகி, அவ்விடத்துக்கே உரிய வேறோர் இனத்தோடு கலந்து அதன் வமிசத்தையே குலைத்து வருகின்றன. வனத்துறையிடம் சொல்லுங்கள்.

வளர்ப்பவர்கள் இன்று மாலையே செய்யத்தக்கது ஒன்று உண்டு. சமையலறைத் தராசில் ஒரு சிறு பெட்டியை வைத்து, அதற்குள் குரங்கு தானாக ஏறிவரப் பழக்கி, வாரந்தோறும் ஒரே நாளில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். இச்சிறு பிராணிகள் நோயை மறைப்பதில் வல்லவை. காட்டில் சோர்ந்து காட்டினால் பருந்துக்கு இரை. முகத்தைப் பார்த்து நீங்கள் அறியுமுன் தராசு சொல்லிவிடும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மறுநாள் வரை பொறுக்கவேண்டாம். வேப்பேரியில் 1903ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கொண்டுபோகும்போது துணிப்பையில் திணிக்காமல், காற்றுத்துளையுள்ள மூடுகூடையில் பழைய துணி விரித்து, வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். எடை எழுதிய நோட்டும், சென்ற ஒரு வாரம் அது உண்மையாகவே தின்றவற்றின் பட்டியலும் கையில் இருக்கட்டும். பிஸ்கத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.